கொக்கி மொழி தெரிந்த இரண்டு பேர்

என் நாத்தனாரின் சிறுநீரகம் என் கணவருக்குப் பொருந்தும் என்று மருத்துவமனையிலிருந்து போன் வந்தது ஒரு திங்கட்கிழமை. நாத்தனாருக்கும் எனக்கும் சேர்த்து வேலைக்கு உலை வைத்துக் கடிதம் வந்தது அதே வாரம் வியாழக்கிழமை. நடுவில் மூன்று நாள் நன்றாகத் தூங்கினேன். அந்த மூன்று நாளை மட்டும் எதற்குக் கொடுத்தாய் என்று யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அவளுக்கு நாற்பது வயது. அவள் அண்ணன் இன்னும் அவளை ‘வாலு’ என்றுதான் கூப்பிடுகிறார், எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் குடியிருக்கிறாள். அவளும் நானும் ஒரே அலுவலகத்தில், ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒரே கணினி மொழியில் நிரல் எழுதுகிறவர்கள்.

அந்த மொழிக்கு முறையான பெயர் ஒன்று இருக்கிறது. சொல்லி என்ன பிரயோஜனம்? வேலை தேடிப் போன இடத்தில் எல்லாம் அந்தப் பெயரைச் சொன்னதும் “என்னது?” என்றுதான் கேட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் அதற்குக் கொக்கி என்று பெயர். திரையில் பார்த்தால் கொக்கியும் வட்டமும் முக்கோணமுமாகத்தான் இருக்கும். மற்ற மொழிகளில் நாலு பக்கம் எழுத வேண்டியதை இதில் ஒரே வரியில் எழுதிவிடலாம். அந்த வரியை வலது கோடியில் தொடங்கி இடது பக்கமாகப் படித்துக்கொண்டு வர வேண்டும், கணினியும் அப்படித்தான் படிக்கும். என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர். “உலகமே முன்னாடி போகுது, நீங்க ரெண்டு பேர் மட்டும் ரிவர்ஸ்லயே ஊரச் சுத்தறீங்க” என்பார். நாங்களும் சிரிப்போம்.

எங்கள் நிறுவனம் பேருந்துகளுக்கு முறை போட்டுக் கொடுக்கிறது. எந்த ஓட்டுநர் எந்தத் தடத்தில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும், யாருக்கு எப்போது ஓய்வு, ஒருவர் வராவிட்டால் யாரைத் தூக்கி எங்கே போடுவது, எல்லாம் எங்கள் நிரல்தான் சொல்லும். அதையெல்லாம் கொக்கியில் எழுதினோம், பத்தொன்பது வருஷமாக.

எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. கொக்கிக்காரர்கள் ஏழு பேர் இருந்த காலத்திலிருந்து வருவது. வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் கூடுவோம். யாராவது எழுதிய நிரலை எடுத்து, இதை இன்னும் எவ்வளவு சுருக்க முடியும் என்று போட்டி போடுவோம். நாற்பது குறியில் எழுதியதை இருபத்தெட்டில் எழுதினால் கைதட்டல், ஜெயித்தவருக்கு மற்றவர்கள் செலவில் கேக். நான் தின்ற கேக்குக்கு அளவே இல்லை. பன்னிரண்டு தடங்களுக்கான முறைக்கணக்கை நான் ஒரே வரியில் எழுதியதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள். விளக்கக் குறிப்பு எழுதுவது எங்களுக்குக் கௌரவக் குறைச்சல். படிக்கத் தெரிந்தவன் படிக்கட்டும், தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று வாய் கிழியப் பேசுவேன்.

வாலு ஒரு கேக் கூட ஜெயித்ததில்லை. ஒரு வரியை நாலாக உடைத்து எழுதுவாள், ஒவ்வொன்றுக்கும் மேலே இது எதற்கு என்று குறிப்பு வேறு. “குழந்தைக்குச் சோறு ஊட்டற மாதிரி எழுதறியேடி” என்று எல்லார் முன்னாலும் கேலி பண்ணுவேன். சிரித்துக்கொள்வாள். அவளை இந்த மொழிக்குள் இழுத்து வந்ததும் நான்தான். எட்டு வருஷத்துக்கு முன் அவள் எல்லாரும் எழுதுகிற சாதாரண மொழியில் நல்ல வேலையில்தான் இருந்தாள். “உன்ன மாதிரி ஆள் தெருவுக்குப் பத்து பேர் இருக்காங்க. இதக் கத்துக்கிட்டு வா, உன்ன ஒருத்தன் அசைக்க முடியாது” என்று சொல்லிச் சொல்லி நச்சரித்துக் கூட்டி வந்தேன். அந்தக் காலத்தில் அது பொய்யும் இல்லை. கொக்கி தெரிந்த ஆளைத் தேடி மற்ற நிறுவனங்கள் வீட்டுக்கே போன் பண்ணும். அப்புறம் ஒவ்வொரு நிறுவனமாகக் கொக்கியைக் கை கழுவியது. ஏழு பேரில் ஐந்து பேர் வேலை மாறிப் போய், போன இடத்தில் வேறு மொழி கற்றுக்கொண்டார்கள். நான் கேக்கின் மிதப்பில் இருந்தேன்.

கடிதத்தில் இருந்த விஷயம் இதுதான். முறைக்கணக்கு முழுவதையும் எல்லாரும் எழுதுகிற பொது மொழிக்கு மாற்றப்போகிறார்கள், அதற்கு வெளியிலிருந்து ஒரு குழு வருகிறது, இன்னும் இரண்டு மாதத்தில் கொக்கிக்காரர்களுக்கு வேலை இல்லை. அதாவது கடைசி நாள் முப்பதாம் தேதி. என் கணவரின் அறுவைக்கு மருத்துவமனை குறித்துக் கொடுத்திருந்த நாள் அதற்கு அடுத்த பன்னிரண்டாம் தேதி.

அவருடைய வைத்தியம் முழுக்க என் அலுவலகக் காப்பீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு மூன்று தடவை ரத்தம் சுத்திகரிப்பது, மருந்து, வரப்போகிற அறுவை, கொடுக்கிறவளுக்கு ஆகும் செலவு, எல்லாம் அதில்தான். வேலை போனால் அன்றோடு காப்பீடும் போய்விடும். வாலுவின் காப்பீட்டில் அண்ணனைச் சேர்க்க வழியில்லை, புருஷன் பிள்ளை அப்பா அம்மா மட்டும்தான். தேதியைத் தள்ளிப் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். “கையில ஊசி போட இடமே இல்லாம போயிட்டிருக்கு. தள்ளாதீங்க” என்றார். ஆக, பன்னிரண்டாம் தேதி எனக்கு ஒரு வேலை இருந்தே ஆக வேண்டும். எந்த வேலையாக இருந்தாலும் சரி.

கடிதம் வந்ததிலிருந்து ஐந்து வாரம் நான் பட்ட பாடு இருக்கிறதே! காலையில் அடுப்படி மேசையில் உட்கார்ந்து பொது மொழியைப் படித்தேன். படிப்பதென்ன, நாற்பத்தைந்து வயதில் நடக்கப் பழகுவதுதான். விண்ணப்பப் படிவத்தில் ‘உங்களுக்குத் தெரிந்த மொழிகள்’ என்று ஒரு பட்டியல் வரும். முப்பது மொழி இருக்கும், கொக்கி இருக்காது. கடைசியில் ‘மற்றவை’ என்று ஒன்று இருக்கும், அதைத்தான் தொட வேண்டும். என் பத்தொன்பது வருஷம் ‘மற்றவை’ ஆகிவிட்டது. ஆள் எடுக்கும் நிறுவனத்துப் பெண் ஒருத்தி போனில் ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்.

“அனுபவம் நிறைய இருக்கு மேடம். ஆனா எங்களுக்கு வேணுங்கற மொழியில உங்களுக்கு ஒரு வருஷம்கூட இல்லையே. புதுசா சேர்றவங்க இடத்துக்கு உங்கள அனுப்பினா வயசப் பாத்துட்டு என்னையத் திட்டுவாங்க.”

போனை வைத்துவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சத்தம் அவருக்குக் கேட்கக் கூடாது.

எழுபது எண்பது இடத்துக்கு எழுதிப் போட்டதில் ஒரே ஒரு இடத்தில் நேரில் வரச் சொன்னார்கள். அது ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணி. கண்ணாடி அறை, நீள மேசை, எதிரே ஒரு இளைஞன், கழுத்தில் ஹெட்போன். அவனுக்கு நான் அக்கா வயது கூட இல்லை, அத்தை வயது. நல்ல பையன்தான். தண்ணீர் கொண்டு வந்து வைத்தான்.

“மேடம், பயப்படாதீங்க. முதல்ல ஒரு சின்னது. இத ஓட்டினா திரையில என்ன வரும்னு மட்டும் சொல்லுங்க” என்று வெள்ளைப் பலகையில் ஒரு வரி எழுதினான். இரண்டு பெருக்கல் மூன்று கூட்டல் நான்கு. அவ்வளவுதான்.

“பதினாலு” என்றேன்.

அவன் சிரித்தான். “இன்னொரு தடவ பாருங்க மேடம்.”

“பாத்தாச்சு தம்பி. பதினாலு.”

“இல்ல, அவசரமே இல்ல...”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. எழுந்து போய் அவன் கையிலிருந்து பேனாவை வாங்கினேன். “இங்க பாருங்க. மூணும் நாலும் ஏழு. ரெண்டேழு பதினாலு. இதுல என்ன சந்தேகம் உங்களுக்கு?” என்று பலகையில் எழுதியும் காட்டினேன்.

எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. கொக்கியில் எந்தக் குறிக்கும் முன்னுரிமை கிடையாது. வலது கோடியில் எது நிற்கிறதோ அதுதான் முதலில். உலகத்தில் மற்ற எல்லா இடத்திலும் பெருக்கல்தான் முதலில், கூட்டல் அப்புறம். ஆறும் நாலும் பத்து. ஆறாம் வகுப்புப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பத்து என்றுதான் சொல்லும். நான் பத்தொன்பது வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை பதினாலு என்று கணக்குப் போட்டுப் போட்டு, மூளையே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

“பத்து” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“பரவால்ல மேடம், பதற்றத்துல எல்லாருக்கும் வரதுதான்” என்றான். அதற்குப் பிறகு அவன் கேட்ட கேள்வி எல்லாம் என் மனம் நோகாமல் வெளியே அனுப்பக் கேட்டவை. வாசல் வரை வந்து லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டுப் போனான். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கதவு மூடியதும் என் மண்டையில் நானே நாலு அடி அடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் அண்ணனும் தங்கையும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று அவருக்கு ரத்தம் சுத்திகரிக்கும் நாள். கையில் கட்டு, முகம் வெளிறி, சோபாவில் சாய்ந்து கிடந்தார். வாலு அரை நாள் லீவு போட்டு அவரை மருத்துவமனையிலிருந்து கூட்டி வந்திருந்தாள். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

“எப்படிப் போச்சு?” என்றார்.

“நல்லா போச்சு” என்றேன். “பெரும்பாலும் கிடைச்ச மாதிரிதான். திங்கட்கிழமை சொல்றாங்களாம்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? சுவரில் ஒட்டி வைத்த ஒற்றை வரிக்காரி, இரண்டையும் மூன்றையும் பெருக்கி நாலைக் கூட்டத் தெரியாமல் திரும்பி வந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் வாலு முன்னால்? அவள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “நான்தான் சொன்னேனே, அண்ணிய யாரு வேணாம்பாங்க!” என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “அப்பாடா” என்றார். அந்த அப்பாடாவைக் கேட்ட பிறகு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

மறுநாள் காலை எங்கள் மேலாளர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார், அதனால் ஆபீசே அவருக்குத் தலையாட்டி என்று பெயர் வைத்திருந்தது. வெளியிலிருந்து வந்த குழு திணறுகிறதாம். கொக்கி தெரிந்த ஒரு ஆளை ஒன்றரை வருஷத்துக்கு வைத்துக்கொள்ள மேலிடத்தில் சம்மதம் வாங்கியிருக்கிறாராம். “ஒருத்தர்தான். ரெண்டு பேருக்குக் கேட்டேன், நடக்கல. நாளைக்குத் தனித்தனியா பேசறேன்” என்று சொல்லித் தலையை ஆட்டினார்.

வெளியே வந்து மாடிப்படியில் இறங்கும்போது வாலு என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அண்ணி, உங்களுக்கு அங்க கிடைச்சிடும் இல்ல? அப்ப இத நான் கேட்டுப் பாக்கட்டுமா? உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?”

ஒரு வார்த்தை. ‘அங்கே ஒன்றும் இல்லை, நான் பொய் சொன்னேன்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணன் உயிர் எதில் தொங்குகிறது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் அவள்தான் ஏற்கெனவே தன் உடம்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கிறாள். அவளிடம் போய், நாற்காலியையும் விட்டுக் கொடு என்று எப்படிக் கேட்பது? கேட்க நாக்கு கூசியது.

“எனக்கென்ன வருத்தம்? கேளு, கேளு” என்றேன்.

“ஆபரேஷன் விஷயத்த மட்டும் தலையாட்டிகிட்ட இப்ப சொல்லிடாதீங்க அண்ணி. வேலை உறுதியானதும் நானே லீவு கேட்டுக்கறேன். ஆறு வாரம்தானே, சமாளிச்சுக்கலாம்.”

“நான் எதுக்குச் சொல்லப் போறேன்?” என்றேன்.

வெள்ளிக்கிழமை. தலையாட்டியின் மேசையில் இரண்டு காகிதம். ஒன்று என் ஒற்றை வரி, சுவரிலிருந்து பிய்த்து எடுத்தது, மூலையில் ஒட்டுநாடா இன்னும் இருந்தது. இன்னொன்று வாலு எழுதியது, குறிப்பும் கிறிப்புமாக முழுப் பக்கம்.

“மறைக்காம சொல்றேன்” என்றார். “நீங்கதான் கெட்டிக்காரங்க, அதுல ரெண்டு பேச்சே இல்ல. ஆனா வந்திருக்கிற பசங்க உங்க வரிய நாலு நாளா வெச்சுக்கிட்டு முழிக்கறாங்க. உங்க நாத்தனார் எழுதினது மொழி தெரியாதவனுக்கே பாதி புரியுது. எங்களுக்கு இப்ப வேண்டியது விளக்கிச் சொல்ற ஆள். அதனால... அவங்களையே வெச்சுக்கலாம்னு நினைக்கறோம். உங்களுக்கும் வெளியில நல்லபடியா கிடைச்சிடுச்சாமே? அவங்கதான் சந்தோஷமா சொன்னாங்க.”

என் பொய் சுற்றி வந்து என் கழுத்தையே பிடித்தது. பன்னிரண்டாம் தேதி, பன்னிரண்டாம் தேதி என்று மண்டைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு வேலை இல்லை, என்னை வையுங்கள் என்று காலில் விழுந்திருக்கலாம். நான் விழவில்லை. நான் செய்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன், பூசி மெழுக மாட்டேன்.

“அவ பாவம் சார்” என்றேன். “அவளுக்கு அடுத்த மாசம் ஒரு ஆபரேஷன் இருக்கு. பெரிய ஆபரேஷன். அப்புறம் மூணு மாசம் எழுந்திருக்கவே கூடாது. உங்ககிட்ட சொல்லக் கூச்சப்படறா.”

டாக்டர் சொன்னது ஆறு வாரம். சிலருக்கு முழுக்கத் தேற மூன்று மாதம் ஆகலாம் என்றார். நான் மூன்று மாதத்தை எடுத்துக்கொண்டேன். எழுந்திருக்கவே கூடாது என்பது என் சொந்தச் சரக்கு. என்ன ஆபரேஷன், யாருக்காக என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தலையாட்டி தலையை ஆட்டவில்லை. அன்றுதான் முதல் தடவையாக அவர் தலை ஆடாமல் நின்றதைப் பார்த்தேன். “மூணு மாசமா?” என்றார். “பசங்க வேலையே முதல் மூணு மாசத்துலதானே.” இரண்டு காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “நீங்க அந்த வெளி வேலைய விட்டுட்டு இங்கயே இருப்பீங்களா?”

“நிறுவனத்துக்காக இருப்பேன் சார்” என்றேன். த்தூ. இப்போது நினைத்தாலும் வாயெல்லாம் கசக்கிறது.

திங்கட்கிழமை எனக்குக் கடிதம் கொடுத்தார்கள். முப்பதாம் தேதிக்குப் பிறகும் காப்பீடு தொடரும் என்று தனியாக ஒரு வரி இருந்தது. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. அரை மணி நேரம் கழித்து வாலுவைக் கூப்பிட்டார்கள். அறைக்குள் தலையாட்டி கையை விரித்து விரித்துப் பேசுவது கண்ணாடி வழியே தெரிந்தது. அவள் வெளியே வந்து, மேசைக்கு வராமல் நேராக மாடிப்படிப் பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

“உடம்ப நல்லா பாத்துக்கோங்கன்னு சொன்னார்” என்றாள். “மூணு மாசம் படுக்கையில இருக்கணுமே, இந்த நேரத்துல வேலை டென்ஷன் வேற எதுக்கு, உங்க நல்லதுக்குத்தான்னு சொன்னார். உங்க அண்ணி ரொம்ப அக்கறையா சொன்னாங்கன்னார்.”

நான் அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.

“உங்களுக்குத்தான் வெளியில கிடைச்சிடுச்சே அண்ணி. அப்புறம் எதுக்கு?”

“கிடைக்கல” என்றேன். “அன்னிக்கே போச்சு. பொய் சொன்னேன்.”

“எப்படிப் போச்சு?”

“ரெண்டு பெருக்கல் மூணு கூட்டல் நாலு, எவ்வளவுன்னு கேட்டான்.”

“பதினாலு” என்றாள் உடனே.

ஒரு நொடி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவளுக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. “அய்யோ, அத அவன்கிட்ட சொன்னீங்களா?” என்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கும் வந்தது. இந்த ஊரில் அந்தத் தப்பு புரிகிற ஒரே ஆள் அவள்தான். என் அவமானத்தைக் கேட்டுக் கேலி செய்யாமல் சிரிக்கக்கூடிய ஒரே ஆளும் அவள்தான். அவளிடம் சொல்லத்தான் நான் வெட்கப்பட்டேன்.

சிரிப்பு எங்கே நின்றது என்று தெரியவில்லை. நின்றபோது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

“நானும் இப்ப அங்கதான் போகணும் இல்ல?” என்றாள். “அதே மாதிரி உக்காந்து அதே மாதிரி சொல்லணும்.”

“என்கிட்ட வேற வழி இல்ல வாலு. பன்னெண்டாம் தேதி...”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே.”

“கேட்டா நீ குடுத்திருப்ப. அதான் கேக்க முடியல.”

“குடுத்திருப்பேனான்னு எனக்கே தெரியாது அண்ணி” என்றாள். “சரின்னு சொல்லியிருப்பேன், இல்லன்னா ஒரு நாள் பூரா உங்களோட சண்டை போட்டுட்டு அப்புறம் சரின்னு சொல்லியிருப்பேன். அத யோசிக்கறதுக்குக்கூட எனக்கு ஒரு நாள் நீங்க விடல.”

எழுந்து போய்விட்டாள். முப்பதாம் தேதி வரை காத்திருக்காமல் அன்று மதியமே மேசையைக் காலி செய்தாள். சாமான் ஒன்றும் அதிகமில்லை, ஒரு டம்ளர், ஒரு சால்வை, கொக்கிக் குறி ஒட்டிய விசைப்பலகை. விசைப்பலகையை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

அண்ணனிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. எனக்கு இங்கேயே கிடைத்துவிட்டது, அவளுக்குக் கிடைக்கவில்லை என்று மட்டும் நான் அவரிடம் சொன்னேன். “பாவம் வாலு. அவ கெட்டிக்காரி, எங்கயாவது புடிச்சிடுவா” என்றார். நான் சாப்பாட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

புதன்கிழமை மருத்துவமனை. உறுப்பு கொடுக்கிறவரிடம் கடைசியாக ஒரு தடவை சம்மதம் கேட்பார்கள். அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கொடுக்கிறவர் மட்டும் தனியாக உள்ளே போக வேண்டும். குடும்பத்து ஆள் யாரும் கூட இருக்கக் கூடாது. யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா, மனசு மாறியிருக்கிறதா என்று டாக்டர் கேட்பார். மாறியிருந்தால் கையெழுத்துப் போடாமல் வந்துவிடலாம். காரணத்தை டாக்டர் யாரிடமும் சொல்ல மாட்டார், மருத்துவக் காரணத்தால் பொருந்தவில்லை என்று மட்டும் வீட்டாரிடம் சொல்வார். முதல் சந்திப்பிலேயே இதை எங்களுக்கும் விளக்கியிருந்தார்கள். அன்று அது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று நான்தான் சொன்னேன்.

வாலு எங்களுக்கு முன்னாலேயே வந்து உள்ளே போயிருந்தாள். நாங்கள் இருவரும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். கதவில் சின்னக் கண்ணாடி, அதிலும் உள்ளே திரை. பத்து நிமிஷம் ஆனது. இருபது நிமிஷம். போன தடவை இதே அறையில் பத்தே நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள்.

“ஏன் உன் முகம் இப்படி இருக்கு?” என்றார் அவர். “கிட்னி உனக்கா எனக்கா?”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசித் தழும்பு கரடுமுரடாக விரலில் நெருடியது. அவள் வேண்டாம் என்று சொன்னால், நியாயம் அவள் பக்கம். என்னிடம் காப்பீடு இருக்கும், பத்திரமாக, ஒன்றரை வருஷத்துக்கு. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? கதவைத் தட்டி உள்ளே ஓடி அவள் காலைப் பிடிக்க வேண்டும் என்று இருந்தது. அதுவும் கூடாது. அதைத் தடுக்கத்தானே அந்தக் கதவு. பெற்ற தாய் சாகக் கிடந்தபோது கூட நான் அப்படிக் கும்பிட்டதில்லை. அந்தப் பச்சைக் கதவைப் பார்த்து மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

முப்பத்தைந்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. கையில் ஒரு காகிதத்தோடு வந்தாள். அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

“உக்காருண்ணா. முடிஞ்சுது. அதே தேதிதான், பன்னெண்டு” என்றாள்.

அவர், “ஏண்டி இவ்வளவு நேரம்? பயந்தே போயிட்டோம்” என்றார்.

“நிறைய கேள்வி கேட்டாங்கண்ணா. போன தடவ ஒண்ணுல மட்டும் டாக்டருக்குத் திருப்தி இல்ல. ஆபரேஷனுக்கு அப்புறம் ஓய்வு எடுக்க ஆபீஸ்ல விடுவாங்களான்னு. இன்னிக்கு அத மாத்தி எழுதிக் குடுத்துட்டேன். எவ்வளவு நாள் வேணும்னாலும் படுத்துக்கலாம், லீவு கேக்கறதுக்கு ஆளே இல்லன்னு.”

அவருக்கு அது பெரிய ஜோக்காகப் பட்டது. “வாய்டி உனக்கு!” என்று அவள் முதுகில் தட்டிக்கொடுத்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவளும் சிரித்தாள். காகிதத்தை என்னிடம் நீட்டி, “காப்பீட்டு எண் மட்டும் எழுதணுமாம்” என்றாள். அண்ணி என்று சொல்லவில்லை. நான் பையிலிருந்து பேனாவை எடுத்து எண்ணை எழுதிக் கொடுத்தேன்.